அயலார் அறிந்ததும் இடாப்பு அறிந்ததும்

அந்தரங்கம் என்பது தனித்தனி அறைகளில் கதவடைத்து வாழப் பழகிய மேனாட்டாரின் சுகபோகம் என்றும், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒருவர் அடுப்பில் வேகும் கறி இன்னதென்று மற்றவர் வாசனையால் அறிந்து வாழும் நம்மவர்க்கு அஃது ஒரு பொருட்டன்று என்றும், கணினி யுகத்தின் உரிமைகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் கற்றவர் சிலரே சொல்லக் கேட்கிறோம். இந்த அபிப்பிராயத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குக் கொழும்பு மாநகரில் மாளிகாவத்தையைக் காட்டிலும் பொருத்தமான இடத்தைத் தேடவேண்டியதில்லை. மருதானைக்கும் தெமட்டகொடைக்கும் அருகே, புகையிரதத் தண்டவாளங்களை அணைத்துக் கிடக்கும் அப்பகுதியில், அடுக்குமாடி வீட்டுத் தொகுதிகளும், முஸ்லிம்களின் பெரிய மையவாடியும், மீன்பிடித் திணைக்களம் இயங்கும் புதிய செயலகமும், ஒரு காலத்தில் பிக்குமார் ஓடமேறிக் கடந்த சதுப்பு நிலத்தின்மீது 1986 இல் எழுந்த கெத்தாராமை விளையாட்டரங்கும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. முஸ்லிம்கள் பெரும்பான்மையோராயும், சிங்களவரும் தமிழரும் அவர்களோடு கலந்தும் வாழும் இவ்விடத்தில், யார் வீட்டுப் பெண்பிள்ளை குவைத்துக்குப் போயிருக்கிறாள், யாருடைய நகை அடகில் கிடக்கிறது, எந்த வீட்டில் மாப்பிள்ளை பேசுகிறார்கள் என்பனவெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவோர் அனைவருக்கும் தெரிந்த சமாசாரங்கள்.

ஆயினும், இத்தனையையும் அயலார் அறிந்திருப்பதில் பெரிதாக மனம் நோகாத இதே மக்கள், பொலிஸாரோ வேறு உத்தியோகத்தரோ கொண்டுவரும் ஒரு படிவத்தைக் கண்டதும் முகம் மாறி, இதை எதற்குக் கேட்கிறார்கள் என்று ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். அறியாமையால் விளைந்த அச்சமென்று இதனைத் தள்ளிவிடுதல் நியாயமாகாது. கொழும்பில் ஒரு பெயர் இடாப்பில் ஏறிய பின் அந்த இடாப்பு யார் யார் கைக்குப் போகக்கூடும் என்பதை இந்நகரத்து மக்கள் நூல்களில் படித்து அறிந்தவரல்லர். தம் தாய் தந்தையரின் அனுபவத்தால் அறிந்தவர்கள். தரவுப் பாதுகாப்பு என்று இன்று சட்டப் புத்தகங்கள் கூறும் விஷயத்தின் சரித்திரம் இந்நாட்டில் கணினியோடு தொடங்கியதன்று. அது வாக்காளர் இடாப்போடும், கூப்பன் புத்தகத்தோடும், அடையாள அட்டையோடும், பொலிஸ் பதிவுப் படிவத்தோடும் தொடங்கியது.

இவற்றுள் முதலாவதான வாக்காளர் இடாப்பு பெருமைக்குரிய பிறப்பையுடையது. டொனமூர் ஆணைக்குழுவின் விதப்புரையின் பயனாக 1931 இல் சர்வசன வாக்குரிமை இலங்கைக்குக் கிட்டியபோது, சொத்தும் எழுத்தறிவும் இல்லாத ஆணும் பெண்ணும் தம் பெயரை முதன்முறையாக ஓர் அரசாங்க ஏட்டில், தண்டனைக்காகவும் வரிக்காகவுமன்றி அதிகாரத்தில் பங்கு கொள்வதற்காக எழுதப்பட்டதாகக் கண்டார்கள். ஆண்டுதோறும் அந்த இடாப்புத் திருத்தப்பட்டது. பெயர் விடுபட்டவர் முறையிடுவதற்கும், தகாத பெயரை எவரும் ஆட்சேபிப்பதற்கும் ஏதுவாக அது பகிரங்கமாகப் பார்வைக்கு வைக்கப்பட்டது. மறைத்து வைத்த இடாப்பில் மோசடி எளிதாகையால், திறந்து வைத்தலே அதன் தருமமாயிற்று. ஒரு பெயர் இடாப்பில் இல்லாது போவதன் பொருள் யாதென்பதையும் இந்நாடு விரைவிலேயே கண்டது: 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும், மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழரை இடாப்பிலிருந்து நீக்கியபோது, அவர்களுடைய குரல் பாராளுமன்றத்திலிருந்தே நீங்கிற்று.

இரண்டாவது இடாப்பு வயிற்றைப் பற்றியது. 1942 இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அரசாங்கம் அரிசிக்குப் பங்கீட்டு முறையை வகுத்து, கூப்பன் புத்தகத்தை விநியோகித்தது. ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் உண்கிறார்கள் என்பது அதனால் அரசின் கணக்கில் ஏறிற்று. அந்தக் கணக்கை மக்கள் வெறுத்தாரில்லை; மாறாக, அதனைத் தம் உரிமைப் பத்திரமாகவே பேணினார்கள். 25 சதத்துக்குக் கிடைத்த ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலையை 70 சதமாக உயர்த்தியபோது 1953 ஆகஸ்ட் 12 இல் எழுந்த ஹர்த்தால், பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறக்கும் அளவுக்குச் சென்றது. எனவே, இடாப்பில் ஏறுவதற்கு மக்கள் இயல்பாகவே அஞ்சுகிறவர்கள் என்று கொள்வதற்கு ஆதாரமில்லை. அரிசிக்காகத் தந்த பெயர் அரிசிக்கே பயன்பட்டவரையில் அவர்கள் மனமுவந்தே தந்தார்கள்.

மூன்றாவது, அடையாள அட்டை. 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் இது வழங்கப்படலாயிற்று. சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடந்து மூலை மடிந்த இந்தச் சிறிய அட்டையின் இலக்கத்தை ஒருமுறை உற்று நோக்குவது பயன் தரும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாம் நாளில் பிறந்தார் என்பது. பெண்ணாயின் அந்நாளோடு ஐந்நூறு கூட்டப்படும். 1960 பெப்ரவரி 10 இல் பிறந்த ஆணின் இலக்கம் 60041 என்று தொடங்குமாயின், அதே நாளில் பிறந்த பெண்ணின் இலக்கம் 60541 என்று தொடங்கும். ஆகவே, வங்கியிலோ தபாற் கந்தோரிலோ இலக்கத்தை மட்டும் சொல்லும் பெண்ணொருத்தி, தன் வயதையும் பிறந்த நாளையும் தன்னையறியாமலே சொல்லிவிடுகிறாள். 2016 இல் பன்னிரண்டு இலக்கமாக மாறிய பின்னும் இந்த ஏற்பாடு மாறவில்லை. அட்டையில் இனம் எழுதப்படவில்லை என்பது உண்மையே. ஆனால், பெயரும் பிறந்த ஊரும் எழுதப்பட்டிருந்தன. போதாக்குறைக்கு, 2014 இற்கு முன் வடக்கிலும் கிழக்கிலும் வழங்கிய அட்டைகளில் சிங்களத்தோடு தமிழும் இருக்க, ஏனைய இடங்களில் சிங்களம் மாத்திரமே இருந்தது. போர்க்காலத்தில் சென்றியில் நின்ற சிப்பாய் அட்டையைப் படிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. எழுத்தின் வடிவத்தைக் கண்ட மாத்திரத்தில், எதிரே நிற்பவரைத் தனியே நிறுத்துவதற்கான காரணம் அவனுக்குக் கிடைத்துவிட்டது.

இந்த ஏடுகளுள் எதுவும் தீய நோக்கத்தோடு பிறந்ததன்று என்பதை மறவாமல், இனி 1983 ஆம் ஆண்டு ஜூலை மாதத்துக்கு வருவோம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஜூலை 23 ஆம் தேதி இரவு பதின்மூன்று படையினர் கொல்லப்பட்டனர். மறுநாள் மாலை அவர்களின் நல்லடக்கத்துக்காகப் பொரளை கனத்தை மயானத்தில் கூடிய கூட்டம் கலைந்து சென்ற வழியெங்கும் தீ எழுந்தது. அடுத்தடுத்த நாட்களில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் உட்படக் கொழும்பில் தமிழர் வாழ்ந்த இடமெல்லாம் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நகரிலிருந்த அகதி முகாம்களில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் தஞ்சம் புகுந்தார்கள். அந்நாட்களைக் கண்டவரும், பின்னர் அதனை ஆராய்ந்த ஸ்ரான்லி தம்பையா முதலிய அறிஞரும் எடுத்துக்காட்டிய ஒரு செய்தி இன்றைய விஷயத்துக்கு மூலாதாரமானது: தீ வைக்க வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது.

இந்தச் செய்தியின் பாரத்தை உணரவேண்டுமாயின், அந்த இடாப்பின் ஒரு பக்கத்தை மனத்தில் எண்ணிப் பார்க்கவேண்டும். தலைப்பில் வீதியின் பெயர். அதன்கீழ் வரிசையாக வீட்டு இலக்கம். எதிரே அவ்வீட்டில் வாக்குரிமையுடையோர் பெயர்கள். வேறொன்றுமில்லை. ஆனால், ஒரு வீதியில் நாற்பது வீடுகள் இருக்க, அவற்றுள் எந்த ஐந்து வீடுகள் சண்முகநாதன்களும் சிவபாக்கியங்களும் வாழ்பவை என்பதை அந்த வீதியில் ஒருநாளும் காலடி வைத்திராத ஒருவனுக்குச் சொல்வதற்கு அவ்வளவே போதும். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் பெர்னாண்டோ என்றும் பெரேரா என்றும் பெயர் தாங்கிய தமிழ்ப் பரதகுலத்தாரின் வீடுகள், அதே பெயர் தாங்கிய சிங்களக் கத்தோலிக்கரின் வீடுகளோடு அந்த ஏட்டில் கலந்து கிடந்தன. இடாப்புக்குத் தெரிந்தது பெயர் மாத்திரமே, மனிதரன்று. குடியாட்சியின் தூய்மைக்காகப் பகிரங்கமாக வைக்கப்பட்ட ஏடு, எந்த வாசலில் நிற்கவேண்டும் என்று கொலையாளிக்கு வழிகாட்டும் ஏடாக மாறியது.

அதே நாட்களில் வேறொரு காட்சியும் நிகழ்ந்தது. தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டு உள்ளறைகளில் ஒளித்து வைத்து, வாசலில் வந்து நின்றவர்களிடம் இங்கே அப்படி ஒருவரும் இல்லையென்று பொய் சொல்லி அனுப்பிய சிங்களவரும் முஸ்லிம்களும் கொழும்பில் பலர் இருந்தார்கள். அவர்களும் அறிந்தவர்களே, இடாப்பைக் காட்டிலும் நூறு மடங்கு அறிந்தவர்கள். தம் அயலவன் தமிழன் என்பதையும், அவனுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதையும், அவன் மனைவிக்கு என்ன நோய் என்பதையும் அறிந்திருந்தார்கள். அந்த அறிவே அவர்களைப் பொய் சொல்ல வைத்தது. அயலவனுடைய அறிவு அவனது முகத்தோடும் நாணத்தோடும் கடப்பாட்டோடும் பிணைந்து நிற்பது. அதனைக் கிழித்தெடுத்து வேறொருவனிடம் கொடுத்துவிட முடியாது. இடாப்பின் அறிவோ எவன் கையில் ஏறினாலும் அவனுக்கே ஊழியஞ் செய்வது. மாளிகாவத்தையின் மாடிப்படியில் எல்லாரும் எல்லாவற்றையும் அறிந்திருப்பதைக் காட்டி, ஆகையால் இம்மக்களுக்கு அந்தரங்கம் வேண்டியதில்லை என்று வாதிப்போர் இவ்விரு அறிவுகளையும் ஒன்றெனக் கொள்கிறார்கள்.

ஜூலைக் கலவரத்தை விசாரிக்கச் சர்வதேச சட்டவல்லுநர் ஆணைக்குழுவின் சார்பில் 1984 ஜனவரியில் இலங்கைக்கு வந்தவர் போல் சீகார்ட் என்னும் ஆங்கிலச் சட்டத்தரணி. நிகழ்ந்தது தன்னெழுச்சியான கோபமன்று, முன்கூட்டித் திட்டமிட்ட செயல் என்பது அவர் அறிக்கையின் முடிபு. அதே சீகார்ட், 1976 இல் அந்தரங்கத்தையும் கணினியையும் பற்றி நூலெழுதியவர். பிரித்தானியாவில் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழிவகுத்த குழுவில் அங்கம் வகித்தவர். யந்திரத்தில் ஏறிய பெயர்களால் நேரக்கூடிய அபாயத்தைப் பற்றிச் சிந்தித்த ஒருவர், கடதாசியில் ஏறிய பெயர்களின் காலத்து அழிவைக் காணக் கொழும்புக்கு வர நேர்ந்தது. அவர் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1983 டிசம்பர் 15 இல், மேற்கு ஜேர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் அந்நாட்டுக் குடிசன மதிப்பீட்டு வழக்கில் ஒரு தீர்ப்பளித்தது. தன்னைப் பற்றிய தகவல் எவரிடம், எதற்காகச் செல்லலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டென்று அத்தீர்ப்பு வகுத்தது. ஜேர்மானியருக்கு அந்த ஞானம் இலகுவில் வந்ததன்று. அவர்கள் ஆக்கிரமித்த ஒல்லாந்தில், ஒழுங்காகப் பேணப்பட்ட குடிப்பதிவேடே யூதரை வீடு வீடாகத் தேடிப் பிடிக்க உதவியது. அங்கு வாழ்ந்த யூதருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் மாண்டனர். 1943 மார்ச் 27 இல் வில்லெம் அரோன்டேயஸ் என்ற ஓவியரும் அவர் தோழரும் ஆம்ஸ்ரடாம் பதிவகத்துக்குத் தீயிட்டு, அதற்காக உயிரிழந்தார்கள். இடாப்பு உயிர் குடிக்கும் என்பதை உணர்ந்து ஜேர்மன் நீதிமன்றம் அவ்வுரிமையை வகுத்த அதே ஆண்டில்தான், கொழும்பு அதனை உணர்ந்தும் சட்டமாக்காமல் விட்டது.

சட்டமாக்காததன் பலன் பின்னர் தெரிந்தது. 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தில் 76 ஆம் பிரிவு என்று ஒன்றுண்டு. வீட்டில் தங்கியிருப்போரின் விபரத்தை வீட்டுக்காரர் பொலிஸாருக்குத் தரவேண்டுமென்பது அது. குதிரை வண்டிக் காலத்து இந்தப் பிரிவு, போர்க்காலத்தில் கொழும்புத் தமிழரின் அன்றாட வாழ்க்கையாயிற்று. வடக்கிலிருந்து வைத்தியத்துக்கோ, வெளிநாட்டுப் பயண அலுவலுக்கோ வந்து கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜுகளில் தங்கியவர்கள், அடையாள அட்டையோடு பொலிஸ் பதிவுத் துண்டையும் சேர்த்து வைத்திருந்தால்தான் வெளியே இறங்கலாம். பதிந்தவருக்குப் பாதுகாப்பு என்று சொல்லப்பட்டது. ஆனால், 2007 ஜூன் 7 ஆம் தேதி விடியற்காலையில் பொலிஸார் அந்த லொட்ஜுகளுக்குள் புகுந்து, 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலுக்குத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கா பகிரங்கமாக வருத்தந் தெரிவித்தார். அனுப்பப்பட்டவர் பலர் திரும்பி வந்தனர். திரும்பி வந்தவர்கள் இனி எந்தப் படிவத்தையும் முன்னைய மனத்தோடு நிரப்பியிருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

மக்களின் பெயரை இவ்வாறு திரட்டிய அரசு, தன் ஆணைகளை மக்கள் காணாமல் மறைப்பதில் பழக்கமுடையது; அப்பழக்கமும் இந்த மண்ணில் பழையது. 1915 இல் சிங்களவரும் முஸ்லிம்களும் மோதிய கலவரத்தின்போது பிரித்தானிய ஆட்சி இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து, செய்திகளையும் கடிதங்களையும் தணிக்கைக்கு உட்படுத்தியது. கண்டவிடத்தில் சுடுமாறு பிறந்த ஆணையின் பிரதியொன்றைச் சட்டத்தரணி ஈ. டபிள்யூ. பெரேரா தம் சப்பாத்தின் அடித்தோலுக்குள் ஒளித்து, கப்பலேறி இலண்டனுக்குக் கொண்டு சென்றார் என்பது இலங்கைப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த கதை. நூறாண்டு கழிந்த பின் செய்திப் போக்குவரத்தின் பாதை கம்பியில்லாக் கருவியாயிற்று. அரசின் கை மட்டும் மாறவில்லை. 2018 மார்ச் மாதம் கண்டி திகனையில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்செயல் மூண்டபோது பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் முதலியவை ஒரு வாரத்தளவு முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 இன் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின் மீண்டும் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3 இல், ஆட்சியாளருக்கெதிரான போராட்டம் மூண்டெழவே, மறுபடியும் முடக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் மக்கள் விபிஎன் என்னும் சுற்றுவழியைப் பெரேராவின் சப்பாத்தைப்போற் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஆயினும் 2018 இன் அனுபவம் முந்தியவற்றினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. அவ்வாண்டு பெப்ரவரி இறுதியில், அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவுக் கடையில் வாடிக்கையாளர் ஒருவர் தம் கறியில் வெண்ணிறக் கட்டியொன்று கிடந்ததென்று சச்சரவு செய்தார். கர்ப்பத்தடை மாத்திரை போட்டாயா என்று சுற்றி நின்றவர்கள் சிங்களத்தில் மிரட்டிக் கேட்க, சிங்களம் சரிவர அறியாத கடைக்காரர் கலங்கித் தலையாட்டிய காட்சி கைப்பேசியில் பதிவாகி நாடெங்கும் பரவியது. கட்டியாய்த் திரண்டிருந்தது மாவேயென்று பின்னர் அரச பகுப்பாய்வில் தெரிந்தது. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் சேதமாகிவிட்டன. இங்கே இடாப்பு எழுதியவர் கிராம சேவகருமல்லர், தேர்தல் அதிகாரியுமல்லர். கடலுக்கப்பால் ஒரு கம்பனி, யார் எதை விரும்பிப் பார்க்கிறார், யாருக்கு எதைக் காட்டினால் நெடுநேரம் பார்த்திருப்பார் என்று இலங்கையரைப் பற்றி வைத்திருந்த கணக்கே, அந்தக் காட்சியை எங்கே எரியுமோ அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. தன் மேடை பயன்பட்ட விதத்துக்காகப் பேஸ்புக் 2020 இல் வருத்தம் தெரிவித்தது.

வெறுப்பைப் பரப்பியோர் பலர் தப்பியிருக்க, வெறுப்பை எதிர்த்து எழுதியவர் அகப்பட்டுக்கொண்ட விநோதமும் நிகழ்ந்தது. ஓய்வுபெற்ற அரச ஊழியரான ரம்சி ராசீக், முஸ்லிம்களுக்கெதிரான துவேஷத்தை எழுத்தாலும் கருத்தாலும் எதிர்கொள்ள வேண்டுமென்று பேஸ்புக்கில் எழுதியதற்காக 2020 ஏப்ரல் 9 இல் கைதாகி, ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்தார். அவர்மீது பிரயோகிக்கப்பட்டவற்றுள், சிவில், அரசியல் உரிமைகளைப் பேணுவதற்கென்றே 2007 இல் இயற்றிய சட்டமும் ஒன்று. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்த்து, நட்டஈடு வழங்கப் பணித்தது. ஒரு நோக்கத்துக்குப் பிறந்த ஏடு மறு நோக்கத்துக்கு ஆளப்படும் இழிவு சட்டப் புத்தகத்துக்கும் நேரும் என்பதற்கு இதனைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை.

அரசிடமுள்ள தகவல் தீயவர் கைக்குப் போவது ஒருபுறமிருக்க, அரசு அதனைத் தானே காத்துக்கொள்ள வல்லதா என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. 2016 ஆகஸ்ட் மாதம் ஜனாதிபதியின் இணையத்தளத்துக்குள் ஒருவர் புகுந்து, உயர்தரப் பரீட்சையைச் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் வைக்கவேண்டாமென்று எழுதிவிட்டுச் சென்றார். பிடித்துப் பார்த்தபோது அவர் பதினேழு வயதுப் பள்ளி மாணவர். இதனைக் கேட்டு நகைத்தவர்களால் 2023 இல் நகைக்க முடியவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில், தரவுகளைப் பூட்டி வைத்துப் பணயம் கேட்கும் தாக்குதலுக்கு அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேமிப்பகம் இலக்காயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள், மாற்றுப் பிரதி எடுத்து வைக்காத காரணத்தால், மீளாமலே போயின. தன் அமைச்சரவையின் மூன்று மாதக் கடிதங்களைக் காக்க இயலாத களஞ்சியம், இருபத்திரண்டு மில்லியன் மக்களின் விரல்ரேகையைக் காக்கும் என்று நம்புவதற்கு என்ன பிரமாணம் உண்டு?

இவ்வளவையும் சொன்னபின், எதிர்வாதத்தின் நியாயத்தையும் மனச்சான்றோடு எடுத்துரைக்க வேண்டும். 2022 இல் எரிபொருள் இல்லாமல் நாடு தவித்தபோது, ஜூலை மாதம் அறிமுகமான கியூஆர் கோட் முறை, நாட்கணக்கில் நீண்ட வரிசைகளைக் குறைத்தது. அடையாள அட்டை இலக்கமும் வாகன இலக்கமும் ஒரு யந்திரத்தில் ஏறியதனாலேயே, பஞ்சிகாவத்தை வீதியில் ஓட்டோவை நிறுத்தி அதற்குள்ளேயே உறங்கிக் காத்திருந்தவனுக்கு ஐந்து லீற்றர் பெற்றோல் நிச்சயமாயிற்று. போர்க்காலத்துக் கூப்பன் புத்தகம் எண்பது ஆண்டுகளின் பின் கைப்பேசித் திரையில் மறுபிறவி எடுத்ததென்று சொல்லலாம். மக்கள் அதனையும் மனமுவந்தே ஏற்றார்கள். ஒழுங்கான பங்கீடு இல்லாதவிடத்து நேரக்கூடியதை மாளிகாவத்தை தானே கண்டிருக்கிறது. 2020 மே 21 இல், கொரோனா ஊரடங்கினால் உழைப்பிழந்து நோன்பு மாதத்தின் இறுதியை எட்டியிருந்த ஏழைகளுக்கு, அங்கே வர்த்தகர் ஒருவர் பணம் பங்கிடுகிறார் என்ற செய்தி கேட்டுத் திரண்ட கூட்டத்தில் நெரிபட்டு மூன்று பெண்கள் மாண்டார்கள். பெயரும் முறையும் வரிசையும் ஏழைக்கு வேண்டியனவே. ஆகையால், இடாப்பே வேண்டாமென்று எவரும் வாதிப்பது பொருந்தாது. மாளிகாவத்தை வாசிகளும் அவ்வாறு வாதித்ததில்லை.

அவர்கள் படிவத்தைக் கண்டு கேட்கும் கேள்வி வேறு. இதை எதற்குக் கேட்கிறீர்கள் என்பதே அது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறும் தத்துவங்களுள் முதன்மையானதும் அதுவே: இன்ன காரியத்துக்கென்று சொல்லிப் பெற்ற தகவல் அக்காரியத்துக்கே பயன்படவேண்டும்; காரியம் முடிந்தபின் வைத்திருத்தலாகாது; தன்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்களென்று கேட்டறியவும், பிழையாயின் திருத்துவிக்கவும் உரியவருக்கு உரிமை உண்டு. தென்னாசியாவில் இவ்வாறு முழுமையானதொரு சட்டத்தை இந்தியாவுக்கும் முந்தி இலங்கை இயற்றியது பாராட்டத்தக்கது. ஆனால், 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் பிரதான பகுதிகள், அந்நாள் நெருங்கியபோது பிற்போடப்பட்டன. மக்கள் என்ன எழுதுகிறார்கள் என்பதைக் கண்காணிக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ அத்தகைய தாமதத்தைக் காணவில்லை; 2024 ஜனவரி 24 இல் 108 வாக்குகளுக்கு எதிராக 62 வாக்குகள் இருக்க நிறைவேறி, உயர் நீதிமன்றம் விதந்துரைத்த திருத்தங்கள் யாவும் சேர்க்கப்படவில்லையென்று மனித உரிமைகள் ஆணைக்குழு சுட்டிக்காட்டிய பின்னும், அடுத்த மாத முதல் நாளிலேயே சபாநாயகரின் கையொப்பம் பெற்றது. வாயைக் கட்டும் சட்டம் விரைந்து ஓட, இடாப்பைக் கட்டும் சட்டம் தயங்கி நிற்பதைக் காண்கிறோம்.

இந்நிலையிற்றான், இந்திய அரசின் நிதியுதவியோடு, முகமும் கருவிழியும் விரல்ரேகையும் பதியும் புதிய மின்னணு அடையாள அட்டைத் திட்டம் முன்னெடுக்கப்பட்டு வருகிறது. இந்தியாவில் ஆதார் என்னும் அடையாள எண் திட்டத்தைப் பற்றி எழுந்த வழக்குகளின் வாயிலாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தீர்ப்பு வந்தபோது நூறு கோடிக்கு மேற்பட்டோரின் ரேகைகள் ஏற்கெனவே யந்திரத்துள் புகுந்துவிட்டன. அந்த வரிசைப் பிழையை இலங்கை மறுபடி செய்யவேண்டிய நிர்ப்பந்தம் ஏதுமில்லை. 1983 இல் இடாப்பில் இருந்த பெயரை மாற்றிக்கொண்டு உயிர் தப்பியவருண்டு. 2007 இல் லொட்ஜை மாற்றிக்கொண்டவருண்டு. கருவிழியை மாற்றிக்கொள்ள எவராலும் இயலாது. ஆகையால், எந்த உத்தியோகத்தர் எந்த நாளில் எக்காரணத்துக்காக ஒருவருடைய பதிவைத் திறந்து பார்த்தார் என்பது அழியாக் குறிப்பாக எழுதப்பட்டு, அக்குறிப்பை மாளிகாவத்தையில் வாழும் ஒரு பெண் தன் மொழியில் விண்ணப்பித்துப் பெறத்தக்க ஏற்பாடும், நீதவானின் ஆணையின்றிப் பொலிஸாரோ படையினரோ அதனைத் தொட இயலாத தடையும், மீறியவர் அமைச்சராயினும் தண்டிக்கவல்ல சுதந்திரமான அதிகாரசபையும் முதலில் நடைமுறைக்கு வரட்டும். அவை மூன்றும் நிலைபெற்று, சில வழக்குகளிலேனும் சோதிக்கப்பட்ட பின்னர் ரேகை பதியும் யந்திரத்தை வாசலுக்குக் கொண்டுவந்தால், எதற்கென்று கேட்பவருக்கு அரசாங்கம் சொல்லும் பதிலை அவர் நம்புவதற்கு இடமிருக்கும்.